எண்பத்து நான்கு மணி நேரம்

எண்பத்து நான்கு மணி நேர உழைப்பை அவர் ஒரே பொத்தானில் அழித்திருந்தார். தன்னுடைய உழைப்பு வீணாகியிருந்தால் கவலையே இல்லை, ஆபீஸில் பழகிப்போன விஷயம். அழிந்தது மகளுடையது.

மகளுக்குப் பரீட்சை. முடியும்வரை தொடக்கூடாது என்று அந்தக் கையடக்க வீடியோ கேமை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது அவர் வேலை. நாள் முழுக்க "பார்க்கிறோம் சார்" சொல்லிவிட்டு மூன்று மணிக்கு வீடு வந்தால், மனைவி மத்தியானமே மருந்துக்கடை வேலைக்குப் போயிருப்பாள். மகள் வர ஐந்தாகும். சும்மா எடுத்துப் பார்த்தார்.

ஜப்பான்காரன் செய்த வாள்சண்டை. முறை வரும்வரை காத்திருக்கிற சங்கதியே கிடையாது. அமுக்கிய நொடியில் வாள் வீசுகிறது, அடித்தால் பூதம் விழுகிறது. எந்தப் பூதமும் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லவில்லை. சொக்கிப்போய் ஆடியவர், எழுந்திருக்கும்போது பொறுப்பாக சேவ் செய்தார், பட்டியலில் முதலாவதாக இருந்த, எண்பத்து நான்கு மணி நேரம் ஆடி வளர்த்த அறுபதாம் லெவல் வீரனின் தலைமேலேயே.

பரீட்சை முடியப் பதினாறு நாள். அதற்குள், அந்த இடத்தில் இப்போது நிற்கும் தன் மூன்றாம் லெவல் பொடியனை அறுபதுக்குத் தூக்கிவிட வேண்டும். மகள் அவரிடம் பேசுவதெல்லாம் வெறும் "ம்"தான். இது தெரிந்தால் அந்த "ம்"மும் போய்விடும்.

தினமும் அதே குகை, அதே பூதங்கள். ஆபீஸே தேவலை என்றிருந்தது. கட்டைவிரல் வலிக்குத் தைலம் தேடினால் டப்பா காலி. மாத்திரை அட்டை கிழித்துக் கிழித்துத் தனக்கும் விரல் வலி என்றாள் மனைவி.

பன்னிரண்டில் விட்டதாக நினைத்த வீரன் மறுநாள் பதினைந்தில் நின்றான். எங்கே விட்டோம் என்பதுகூட மறக்கிற அளவுக்கு அசதி என்று தன்னையே நொந்துகொண்டார்.

கடைசிப் பரீட்சை முடிந்து மகள் வந்தாள். வீரன் நாற்பத்தொன்றில்தான் நின்றான். இனி ஓட முடியாது என்று கேமை அவளிடம் நீட்டினார்.

"மன்னிச்சிடும்மா. நீ எண்பத்து நாலு மணி நேரம் ஆடினதை நான்தான் அழிச்சுட்டேன்."

அவள் வாங்கிப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்ததையாப்பா?"

"ஆமா."

"என்னோடது ரெண்டாவது. அது பத்திரமா இருக்கு."

"அப்ப நான் அழிச்சது யாரோடது?"

"அம்மாவோடது."