கவர் கழற்றாத கம்ப்யூட்டர்

புதுக் கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வந்த பென்டிரைவ் மறுபடியும் பாதியிலேயே நின்றுபோனது.

"கண்ட மெஷின்லயும் நுழைஞ்சு வந்தவன் நீ. கோளாறு உன்கிட்டதான்!" என்று எரிந்து விழுந்தது கம்ப்யூட்டர்.

"போன வாரம்கூட ஒரு கிழட்டு லேப்டாப்பை எழுப்பிவிட்டேன். இந்தத் தடவையும் நின்னா, உன்னைத்தான் கடைக்குத் திருப்பி அனுப்புவாங்க" என்றது பென்டிரைவ்.

கம்ப்யூட்டருக்குள் சுற்றும் குட்டி ஃபேன் இரைத்தது. "சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கழட்டணும். சூடு வெளியே போக வழியில்லாமத்தான் பாதியில படுத்துடறோம்."

"ஐயோ, கழட்டினா நான் பழசாயிடுவேனே!"

"கடைக்குத் திரும்பிப் போனா மட்டும் புதுசா? நானே ஊதிக் கழட்டிடறேன்" என்றது ஃபேன்.

"சரி, ஊது" என்றது கம்ப்யூட்டர்.

ஃபேன் முழு மூச்சில் ஊதியது. கவர் உப்பியது, டேப் பிரிந்தது, கவர் ஜன்னல் வழியே பறந்தே போனது. பென்டிரைவ் மீண்டும் தொடங்கியது. பாதியைத் தாண்டியது. முக்காலையும் தாண்டியது. திரையில் 'நல்வரவு' மலர்ந்ததும் மூன்றும் போட்ட கூச்சலில் மேசையே அதிர்ந்தது.

"பார்த்தியா என்னை?" என்று பக்கத்திலிருந்த டிவி ரிமோட்டைக் கேட்டது கம்ப்யூட்டர்.

வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்த ரிமோட் மெதுவாகச் சொன்னது: "எல்லாம் மங்கலாத்தான் தெரியுது. ஃபேனை இந்தப் பக்கமும் கொஞ்சம் ஊதச் சொல்லேன்."