ஏழு தலைமுறை

கிர்கிஸ் எல்லைச் சாவடியில் கதிர்வீச்சு மணி அலறியபோது யாரும் பதறவில்லை. வந்து நின்ற லாரியில் வெள்ளைத் துணி சுற்றிய கல்லறைக் கல் இருந்தது. கருங்கல்லிலும் துளி கதிர்வீச்சு உண்டு; அதற்கே அந்த மணி ஊரைக் கூட்டும்.

காவலில் இருந்த பெர்மெத் மட்டும் கதிர்வீச்சு அளக்கும் கைக்கருவியோடு கிட்டே போனாள். மூடிப்போன ஆலை ஒன்றிலிருந்து கதிர்வீச்சு உலோகம் திருடுபோயிருந்தது. எல்லைக்கு அப்பால் சந்தையில் அதை வெடியோடு சேர்த்து வைக்கப்போகிறார்கள் என்று தகவல். கருவியில் எண் ஏறியதைப் பார்த்துத் திரும்பினாள்.

“அண்ணே, கல்லுக்கு இது ஜாஸ்தி. துணியைப் பிரிக்கணும்.”

“கல்லறையிலதான் பிரிக்கணும். வழியில பிரிச்சா செத்தவருக்கு அவமானம்” என்றார் சாவடிப் பொறுப்பாளர் கசீபெக். போன வாரம்தான் அப்பா செத்த வருஷ நினைவு விருந்து முடித்து, கல்லும் நட்டுவிட்டு வந்தவர். கல்லைப் பார்த்ததும் இளகிவிட்டார்.

“யாருப்பா செத்தது?”

“எங்கப்பாங்க, மம்பெத். நான்தான் மூத்தவன்” என்றான் டிரைவர், கண்ணைத் துடைத்தபடி.

“ஏழு தலைமுறைப் பேரையும் சொல்லு. அவங்களுக்காக துஆ ஓதி வேண்டிக்கறேன்.”

எங்கள் பக்கத்து ஆம்பிளைக்குத் தன் பேர் மறந்தாலும் அது மறக்காது. டிரைவர் கடகடவென்று ஒப்பித்தான். ஐந்தாவது பேரிலிருந்து கசீபெக்கும் கூடவே சொல்ல ஆரம்பித்தார்.

“அட, நம்ம வம்சமாடா நீ!” என்று அவனைக் கட்டிக்கொண்டார். “சாவியைக் குடு. வண்டியை நானே அந்தப் பக்கம் கொண்டு விடறேன். நீ உள்ள போய் ரொட்டியைப் பிட்டுத் தின்னு, டீ குடி.”

பெர்மெத்துக்கு அழுகையே வந்துவிட்டது. லாரி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறைந்தது.

கசீபெக் நடந்து திரும்பி வந்தார்.

“வெட்கமா இல்லையாண்ணே? சொந்தம்னதும் விட்டுட்டீங்களே! சந்தையில ஜனங்க செத்தா யார் பொறுப்பு?”

அவர் டீ அறைக் கதவை வெளியிலிருந்து தாழ்போட்டார்.

“வண்டி பின்னால கான்கிரீட் கொட்டகையில நிக்குது. மேலிடத்துக்குப் போன் போடு.”

“அப்போ, நம்ம வம்சம்னீங்க?”

“ஏழு பேரும் என்னோட வம்சம்தான்; என்னை ஏமாத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். ஆனா எங்கப்பா மம்பெத்துக்கு நான் ஒரே பிள்ளை.”