ரேகை

இ-சேவை மையத்து இயந்திரத்தில் சடையாண்டி கட்டை விரலை வைத்தபோதெல்லாம் சிவப்பு விளக்குதான் எரிந்தது. ரேகை பதியாததால் அவருடைய உழவர் உதவித்தொகை மூன்று தவணையாக நின்றுபோயிருந்தது. கணினி முன்னால் இருந்த ரோஸ்லின் அவர் விரலை ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தாள்.

“கோடே இல்லையே பெரியப்பா. வழவழன்னு கிடக்கு.”

“மம்பட்டி தின்னுருச்சு தாயி” என்று சிரித்தார். மிளகாய் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பணம் வந்தால் கிணற்றை இன்னும் கொஞ்சம் தோண்டிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

பணம் வரவில்லை. பங்குனியில் கிணறு வற்றியது. செடிகள் பூவோடு காய்ந்தன. மம்பட்டியின் காம்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆவணியில், நிலத்தை விற்பதற்காக வில்லங்கச் சான்று எடுக்கத்தான் மையத்துக்குப் போனார். ரோஸ்லின் விடவில்லை. “வந்ததுக்கு ஒரு தடவை விரலை வச்சுட்டுப் போங்க.”

வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

அவள் கைதட்டினாள். “பெரியப்பா, நீங்க விவசாயின்னு மிஷின் ஒத்துக்கிருச்சு! அப்படி என்ன வைத்தியம் பண்ணீங்க? இங்க நிறையப் பேருக்கு ரேகை விழ மாட்டேங்குது, சொல்லுங்க.”

சடையாண்டி விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். புதிதாக உழுத நிலம்போல வரி வரியாக இருந்தது. அதை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார்.

“பங்குனியில இருந்து ஒரு வேலையும் செய்யலை தாயி.”