தீனதயாளனின் வடிகட்டி

எழில்மதி பத்து நாளில் மூன்றாவது தடவையாக மாடிப்படி ஏறி வந்தபோது கள்ளக்குறிச்சியில் சின்னதாக மெயில் சேவை நடத்தும் தீனதயாளனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"ஏதாச்சும் வந்துச்சாண்ணா?"

அதே கேள்வி. அவள் ஊர் வெள்ளிமலையில் சிக்னல் கிடையாது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம், எங்கு பார்த்தாலும் மறியல், பஸ்ஸும் கிடையாது. ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறாள். ஒரு மெயிலுக்கா இவ்வளவு?

சேலத்தில் நர்ஸ் வேலைக்கு மனு போட்டிருக்கிறாளாம். அதில் கொடுத்திருப்பது தீனதயாளனின் சர்வரில் இருக்கும் மெயில் முகவரி. பெரிய கம்பெனிக்காரன் உன் கடிதத்தைப் பிரித்துப் படிப்பான், நம்மிடம் இருந்தால் பத்திரம் என்று அவளைக் கொடுக்க வைத்ததே இவன்தான்.

அந்த ஒற்றைச் சர்வரை வைத்துக்கொண்டு மனுஷன் நாய் படாத பாடு படுகிறான். இவன் அனுப்பும் மெயிலையெல்லாம் பெரிய கம்பெனிகள் குப்பையில் தள்ளுகின்றன. ஏனென்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது, பாவிகள்!

போதாக்குறைக்கு இந்தப் போராட்டம். நாற்பது வாடிக்கையாளர்களில் எவனாவது மறியலுக்கு ஆள் கூப்பிட்டு மெயில் அனுப்பி, போலீஸ் வந்து சர்வரையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? யாரை நம்புவது?

அதனால் போன மாதமே ஒரு வடிகட்டி போட்டுவிட்டான். 'இட ஒதுக்கீடு' என்ற சொல் இருந்தால் போதும். வருகிற மெயிலோ போகிற மெயிலோ, சத்தமில்லாமல் ஓரங்கட்டிவிடும்.

இவளை எவனாவது வேவு பார்க்க அனுப்பியிருப்பானோ? தூசிக்குப் போட்ட மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்ணை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை வேறு. கேட்டதற்குச் சாதிச் சான்றிதழ் என்றாள். மூன்று வருஷம் அலைந்து வாங்கியதாம்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, ஓரங்கட்டிய மெயில்களை முதல் தடவையாகத் திறந்தான்.

பதினேழு இருந்தன. காலேஜ் அட்மிஷன், உதவித்தொகை, பரீட்சை அறிவிப்பு. மறியல் பேச்சு ஒன்றில்கூட இல்லை.

பதினோராவது போன வாரமே சேலத்திலிருந்து வந்திருந்தது. எழில்மதிக்கு. நேர்காணல் இந்த வாரத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

'இட ஒதுக்கீடு கோருவோர் சாதிச் சான்றிதழின் அசலைக் கொண்டுவரவும்' என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

இன்றைக்குப் புதன்கிழமை.

திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பெரிய கம்பெனிக்காரனுங்க வழியிலயே நிறுத்தி வச்சிட்டானுங்கம்மா. திங்கக்கெழமையே இன்டர்வியூ முடிஞ்சிபோச்சு."

எழில்மதி மாஸ்க்கின் ஓரத்தாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறையைப் பைக்குள் வைத்தாள்.

"விடுங்கண்ணா, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? அடுத்த மனுவுலயும் உங்க மெயிலையே போட்டுடறேன்."