எதிர் மாடிப் பியூலா

நோய் பரவி ஊரைப் பூட்டி நாலு மாதம் ஆகிறது. இருந்தும் குமுதவல்லிக்குப் பைத்தியம் பிடிக்காததற்கு ஒரே காரணம், எதிர் மாடிப் பியூலா. காலையில் துணி உலர்த்த வருவாள், கை காட்டுவாள். இவளும் காட்டுவாள்.

இன்று ஜன்னல் கண்ணாடி மங்கிப்போனதால், மெக்கானிக் வந்து அதைக் கழற்றினான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிர் மாடிக் கதவு திறந்து கிடந்தது. கொடியில் பியூலாவின் நீலப் புடவை வெளுத்துக் கந்தலாகத் தொங்கியது.

"பியூலா எங்க தம்பி?"

"அந்தம்மா முதல் வாரமே தவறிட்டாங்கக்கா. உங்க மனசு ஒடைஞ்சிடக் கூடாதுன்னுதான் கண்ணாடியில அவங்க உருவத்தக் காட்டுறோம்."

அவன் கண்ணாடியைத் திரும்ப மாட்டினான். வெயில் அடித்தது. பியூலா சிரித்தபடி கையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்களும் கை காட்டிடுங்கக்கா," என்றான் அவன். "அதுவரைக்கும் அது நிறுத்தாது."