மூன்று தட்டு

கோட்டைத் தாண்டியவை பதினாறு.

இருபது பழ ஈக்களில் பதினாறு! போன மாதம், மருந்து தொடங்குவதற்கு முன், மூன்றுதான் தாண்டின.

சோதனை ரொம்ப எளிது. குப்பியை ரப்பர் விரிப்பில் மூன்று முறை தட்ட வேண்டும். ஈக்கள் எல்லாம் அடியில் விழும். பத்து விநாடிக்குள் எத்தனை ஈக்கள் குப்பியில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று எண்ண வேண்டும். கால் தளர்ந்தவை ஏறாது.

இவை கால் தளர்ந்த ஈக்கள். அப்பாவிடம் இருக்கும் அதே கெட்ட மரபணுவை இவற்றுக்குள் வைத்திருக்கிறோம்.

எனக்கும் அது இருக்கலாம். பாதிக்குப் பாதி. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு இரண்டு வருடமாகக் கைப்பையிலேயே கிடக்கிறது.

தினமும் காலையில் அப்பா கேட்பார்: “என்னம்மா, உன் ஈ இன்னைக்காவது மாடி ஏறுச்சா?”

அவருக்கு முதலில் தளர்ந்தது கைதான்; பிறகு கால். அவர் மாடி ஏறி மூன்று வருடமாகிறது.

இன்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு குப்பி பாக்கி. அதே வகை ஈக்கள்தான், ஆனால் மருந்து கொடுக்காதவை. இவை ஏறக் கூடாது.

தட்டினேன். எண்ணினேன்.

பதினைந்து.

குப்பி மாறிவிட்டதா? ஒட்டியிருந்த சீட்டை இரண்டு முறை படித்தேன். மாறவில்லை.

பக்கத்து மேசைக்காரர் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார். பதின்மூன்று ஈக்கள் கீழே விழவே இல்லை. கோட்டுக்கு மேலேயே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“இங்க கொடும்மா. தூங்குற குழந்தையத் தட்டுற மாதிரி தட்டினா எப்படி விழும்?” சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கினார்.

டக். டக். டக்.

ஈக்கள் மொத்தமாக அடியில் கொட்டின.

பத்து விநாடி. இரண்டு.

மருந்து கொடுத்த குப்பியையும் தட்டினார். அதில் மூன்று.

தூக்கம் போதவில்லை உனக்கு, வீட்டுக்குப் போ என்றார். தலையாட்டினேன்.

இரண்டு குப்பியையும் நான் பலம் கொண்ட மட்டும் ஓங்கித்தான் தட்டியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

குறிப்பேட்டை எடுத்தேன். ‘தட்டியவர்’ என்ற கட்டத்தில் இருந்த என் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தேன்.

அப்படியும் கோடு நேராக வரவில்லை.