வேறு அறை கேட்டவள்

“கரண்டியைக் கீழ வெச்சுட்டியா? சரி, இப்பச் சொல்றேன். அவ இனிமே உன்கூட ஒரே அறையில வேலை பார்க்க மாட்டாளாம்.”

தலைமை விஞ்ஞானி அம்மா சொன்னதைக் கேட்டதும் பஞ்சு கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பினான்.

அந்த ஆய்வகத்தில் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, கையில் பொடி இல்லாதபோதுதான் சொல்வார்கள். சாதாரணப் பொடியா அது? வெடிமருந்து. முக்கால்வாசி நைட்ரஜன். சண்டைக்கார விருந்தாளிகளை ஒரே பாயில் படுக்கவைத்த மாதிரி, அணுக்களை ஒரு வளையத்துக்குள் நெருக்கி வைத்திருப்பார்கள். லேசாக உரசினால் போதும், இரண்டிரண்டாய்ச் சேர்ந்து வாயுவாகக் கிளம்பிவிடும். போகிற போக்கில் விரலையும் கொண்டுபோகும். மிளகளவு பொடியைக்கூடப் பஞ்சைத் தொடுவதுபோல் தொடுவதால்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்.

நிதானமெல்லாம் வேலையில்தான். போன வாரம் தேநீர் இயந்திரத்தின் முன்னால் நின்று, “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று அதே அறையில் கூட வேலை பார்க்கிற அவளிடம் போட்டு உடைத்துவிட்டான். “யோசிச்சுச் சொல்றேன்” என்று போனவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. யோசித்துச் சொல்கிற லட்சணம் இதுதானா?

“என் மேல கோவமா மேடம்?”

“கோவமா? சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.”

சிரித்தாளாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

“அவ இங்கயே இருக்கட்டும் மேடம். படிகம் வளர்க்கறதுல அவ கைராசி யாருக்கும் வராது. நான் வேற பிரிவுக்குப் போயிடறேன்.”

“தாராளமாப் போ. யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும்.”

“நான் கேட்டிருக்கவே கூடாது மேடம். நல்ல சிநேகிதியைக் கெடுத்துக்கிட்டேன். எல்லாம் என் வாய்க்கொழுப்பு.”

“அந்த வாயைக் கொஞ்சம் மூடு. பாதுகாப்பு விதியில பொடியைப் பத்தி இருக்கறதெல்லாம் தலைகீழா ஒப்பிக்கறியே, ஆளுங்களைப் பத்தி இருக்கற பக்கத்தைப் புரட்டினதே இல்லையா?”

“ஆளுங்களைப் பத்தி என்ன மேடம் இருக்கு?”

“புருஷன் பெண்டாட்டியை ஒரே அறைக்குள்ள விடறதில்லப்பா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, குடும்பத்துக்கு ஒருத்தராவது மிஞ்சணுமில்ல?”

“அப்பாடா” என்று பஞ்சு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.